‘லாபம் 2’ என்று ஒன்று கிடையாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னிடம் வந்து சண்டைக்கு நிற்காதீர்கள். ‘லாபம்’ என்ற வீடியோ கேமைச் செய்தது நான். நானும் சுரேஷும். ‘லாபம் 2’ என்று ஒன்று போனில் கிடைக்கிறதாமே, அது எனக்குத் தெரியாது. ஆடியதில்லை, பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தால் பொய் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன!

என் பெயர் நதியா. நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஜமுனாமரத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். பட்டா நகல், சாதிச் சான்று, ஆதாரில் பெயர்த் திருத்தம், இதெல்லாம் பிழைப்பு. சர்வர் வராத நேரத்தில் கேம் செய்கிறேன். மலையில் சர்வர் வருவதே அபூர்வம் என்பதால் நிறையவே செய்யலாம்.

சுரேஷ் கண்ணமங்கலத்துக்காரன், கல்லூரியில் என் வகுப்பு. கடைசி வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதான் ‘லாபம்’. செல்லி என்று ஒரு பெண். மலையில் தனியாகச் சாமை விதைக்கிறாள். மழைக்கு முன்னால் அறுத்து, பன்றியிடமிருந்து காப்பாற்றி, களத்துக்குக் கொண்டுவந்து, அடித்து, தூற்றி, மரக்காலால் அளக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். துப்பாக்கி கிடையாது, கார் கிடையாது. ஆனால் ஆடியவர்கள் விடமாட்டேன் என்றார்கள். மலேசியாவில் ஒருவர் ஆபீஸ் கழிவறையில் உட்கார்ந்து ஆடி முதலாளியிடம் மாட்டிக்கொண்டார்.

பெயர் ஏன் ‘லாபம்’ என்று எல்லாரும் கேட்பார்கள். களத்தில் தானியம் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று சொல்லமாட்டோம். ‘லாபம்’ என்போம். அப்புறம்தான் ரெண்டு, மூணு. ஒன்று என்பது தனிமை, எண்ணிக்கையை அதில் தொடங்கக் கூடாது. எங்கள் கேமில் முதல் கட்டத்தின் பெயர் லாபம். கேமின் பெயரும் அதுவே. முதல் முயற்சி என்று அர்த்தம். கையில் ஒரு பைசா வந்ததில்லை, அது வேறு கதை.

இந்தப் பெயரைப் பார்த்துத்தான் சென்னையில் ஒரு கம்பெனி வந்தது. முதலாளி வெற்றிவேல். பெயரையும் அதன் தொடர்ச்சிகளைச் செய்யும் உரிமையையும் கேட்டார். “அந்தப் பொண்ணு கேரக்டர் வேணாம், அதை நீங்களே வச்சுக்கோங்க” என்றார். செல்லியை வேண்டாம் என்று ஒருவர் சொன்னபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். புத்தி கெட்டுப்போய்க் கையெழுத்துப் போட்டேன். சுரேஷும் போட்டான், கூடவே அந்தக் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தான்.

ஒரு வருடம் கழித்து அது வந்தது. பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் ஜீப்பில் மலையேறுகிறான். மலை ஜனங்களிடம் சாமையை அடிமாட்டு விலைக்கு வாங்குகிறான். அடியில் கட்டை வைத்த மரக்காலால் அளந்து ஏமாற்றினால் அதிக மதிப்பெண். காசு கொட்டுகிற சத்தம் வேறு. மலை ஜனங்கள் எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே பல். எங்கள் சித்தப்பா ஆடிப் பார்த்துவிட்டு, “இதுல யாரும்மா நானு?” என்று கேட்டார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

முதல் கேமின் ரசிகர்கள் டெலிகிராமில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். திட்டித் தீர்ப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அதைவிடப் பெரிய காரியம் செய்தார்கள். கண்டுகொள்ளவே இல்லை. யாராவது புதிதாக வந்து இரண்டாம் பாகம் எப்படி என்று கேட்டால், “எந்த ரெண்டாம் பாகம்?” என்று நாலு பக்கமிருந்தும் பதில் வரும். உலகம் முழுக்க இப்படி நடக்கிறதாம். நல்ல கேமுக்குக் கேடுகெட்ட தொடர்ச்சி ஒன்று வரும். செய்தவர்களே அதை மறந்த மாதிரி நடித்து, அடுத்ததை முதல் பாகம் முடிந்த இடத்திலிருந்து தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு வருடமாகச் செல்லியின் அடுத்த கதையைச் செய்தேன். போன கார்த்திகையில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியீடு என்று அந்தக் குழுவில் அறிவித்தேன். பெயர் மட்டும் வைக்கவில்லை.

அறிவித்த மூன்றாம் நாள் போளூர் பஸ்ஸில் சுரேஷ் வந்து இறங்கினான்.

காலை பதினொரு மணி. கடையில் வீரன் அண்ணன் ஆதாரில் அப்பா பெயரைத் திருத்த உட்கார்ந்திருந்தார். சர்வர் இல்லை. சுரேஷ் இளைத்திருந்தான். கையில் ஒரு கவர். மூன்று வருடம் கழித்துப் பார்க்கிறேன், நன்றாக இருக்கிறாயா என்று கேட்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

“இன்னாடா, ஜீப்புல வரலையா?” என்றேன்.

“திட்டு, திட்டு. திட்டுவன்னு தெரிஞ்சிதான் வந்தேன்” என்று கவரை மேசைமேல் வைத்தான். “வெற்றிவேல் சார் குடுத்தனுப்புனாரு. உன் புது கேம கம்பெனியே வெளியிடும். ‘லாபம் 3’ன்னு பேரு. அந்த ஜீப்காரன் கதையிலேர்ந்து தொடங்குற மாதிரி முன்னாடி ஒரு சீன் சேக்கணும். அப்புறம் நீ ஒரு வீடியோ பேசணும்.”

“இன்னான்னு?”

அவன் தரையைப் பார்த்தான். “ரெண்டாம் பாகம் உன் சம்மதத்தோட வந்ததுதான்னு.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “மாட்டேன்னா?”

“லாபம்ங்கிற பேர நீ தொடக் கூடாது. அதோட தொடர்ச்சின்னு எத வெளியிட்டாலும் கேஸ் போடுவாங்க. பேர் இல்லாம உட்டா எவன் கண்டுபுடிச்சி ஆடுவான் நதியா? ரெண்டு வருச உழைப்பு குப்பைக்குப் போய்டும்.”

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் இன்னும் எரிந்தது.

“ஒண்ணு கேக்குறேன், சொல்லு” என்றேன். “உங்க வூட்லயும் நெல்லு அளந்திருக்கீங்க. லாபம்னா இன்னான்னு உனக்குத் தெரியும். அந்தாளு அத துட்டுன்னு நெனச்சிகினு கேம் பண்ணச் சொன்னப்ப உன் வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த?”

அவன் கவரின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டே சொன்னான். “மொத மீட்டிங்லயே சொன்னாரு. ‘லாபம், சூப்பர் டைட்டில், பிசினஸ் கேம்’னாரு. பத்து பேரு கை தட்டினாங்க. நான் வேலைக்குச் சேந்து அன்னிக்கி நாலாவது நாளு. மறுத்துப் பேச பயமா இருந்திச்சி. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு இருந்துட்டேன். கடைசில எல்லாத்தையும் நானே வரைஞ்சி, டைப் பண்ணேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “என் பயோடேட்டால அந்த கேம் பேர நான் போடல. அந்த ஒரு வருசம் சும்மா இருந்தேன்னு போட்டிருக்கேன்.”

பாவம் என்று தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே கோபமும் வந்தது. மறைத்துவிட்டால் ஆயிற்றா! எங்கள் சித்தப்பாவுக்கு ஒரே பல் வரைந்தவன் இவன்தானே.

“களத்துல மரக்கால்ல கல்லும் பதரும் வந்துட்டா இன்னா பண்ணுவோம்?” என்றேன்.

“கீழ கொட்டிட்டு மறுபடியும் அளப்போம்.”

“எண்ணிக்கை?”

“ஏறாது. அதே எண்ணுதான்.”

இதைச் சொன்னதும் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது. ஜீப்காரன் பதர், அவன் எண்ணிக்கையில் ஏறவே இல்லை. கவரைப் பிரித்து, புது ஒப்பந்தத்தோடு இணைத்திருந்த பழைய ஒப்பந்தத்தின் நகலைத் தேடி எடுத்தேன். லாபம் என்ற பெயர் அவர்களுடையது. லாபம் 2, லாபம் 3, நூறு வரைக்கும் அவர்களுடையது. செல்லி என் பெண். அவளை அவர்களே வேண்டாம் என்று அடித்திருந்தார்கள்.

“சுரேஷ், இந்தப் பேப்பர்ல ‘ரெண்டு’ன்னு தனியா ஒரு பேரு இருக்குதா பாரு.”

அவன் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். வீரன் அண்ணனும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“இல்ல” என்றான் சுரேஷ்.

“அப்ப அதான் பேரு. ‘ரெண்டு.’ போய்ச் சொல்லு உங்க சாருக்கு.”

“நீயே சொல்லிடு” என்று அவன் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். அங்கே நான் சும்மா இருந்திருக்க வேண்டும். என் வாய் எங்கே சும்மா இருந்தது!

“மேடம், யோசிச்சீங்களா?” என்றார் வெற்றிவேல்.

“யோசிக்க ஒண்ணும் இல்லைங்க. கையெழுத்துப் போட மாட்டேன். உங்க பேரு எனக்கு வேணாம். என் கேமுக்குப் பேரு ‘ரெண்டு’.”

“என்ன பேர் மேடம் இது? யாருக்குப் புரியும்?”

“எங்க ஜனத்துக்குப் புரியும். களத்துல வந்து பாத்திருந்தா உங்களுக்கும் புரிஞ்சிருக்கும். நாங்க ஒண்ணு, ரெண்டுன்னு அளக்க மாட்டோம். லாபம், ரெண்டுன்னுதான் அளப்போம். லாபம்னாலே ஒண்ணுதான் சார்! அத துட்டுன்னு நெனச்சிகினு ஒரு கேம் பண்ணீங்களே, உங்கள இன்னா சொல்றது!”

சொல்லி முடித்ததும் மனம் குளுகுளு என்று இருந்தது. இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்றது. வெற்றிவேல் நிதானமாகச் சொன்னார்.

“ரொம்ப நன்றி மேடம். லாபம்னா ஒண்ணு. அப்போ ரெண்டுன்னா லாபத்தோட தொடர்ச்சி. தொடர்ச்சி உரிமை எங்களோடது. நீங்களே உங்க வாயால சொல்லிட்டீங்க.”

வீரன் அண்ணன், “ஐயய்யோ” என்றார். எதை வைத்துத் தப்பிக்கலாம் என்று நினைத்தேனோ அதை நானே எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடம். கண்ணெரிய எரிய உட்கார்ந்து வரைந்த ஒவ்வொரு கதிரும் என் வாய்க்கொழுப்பினால் போயிற்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆளுக்குக் கேட்கும்படி அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“சுரேஷ், கேட்டல்ல?” என்றார் வெற்றிவேல். “நீ அந்தப் பக்கத்து ஆளு, கேமை எழுதினவன். கோர்ட்டுக்குப் போனா நீதான் சாட்சி. நீயே சொல்லுப்பா. லாபம்னா ஒண்ணுதானே? அப்போ ரெண்டு அதோட தொடர்ச்சிதானே?”

சுரேஷ் என்னைப் பார்க்கவில்லை. போனையே பார்த்தான். இவன் மறுபடியும் தலையாட்டிவிடுவான் என்று நினைத்தேன். மீட்டிங்கில் பத்துப் பேருக்குப் பயந்தவன்தானே.

“இல்லைங்க சார்” என்றான்.

“என்ன இல்ல?”

“நம்ம லாபம்னா துட்டு சார். நம்ம கேம்ல மொத ஸ்கிரீன்லயே இருக்குது, ‘லாபம் என்றால் பணம்’னு. நீங்க சொன்னீங்க, நான் டைப் பண்ணேன். உங்க மெயில் கூட என்கிட்ட பத்திரமா இருக்குது. அன்னிக்கும் நான் மறுத்துப் பேசல, இன்னிக்கும் பேச மாட்டேன். சாட்சி கூண்டுல ஏறினாலும் இதத்தான் சொல்வேன். துட்டுக்கு அப்புறம் ரெண்டு எப்பிடி சார் வரும்?”

வீரன் அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுமுனையில் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிற சத்தம் கேட்டது.

“நீ நாளையிலேர்ந்து ஆபீசுக்கு வர வேண்டாம்” என்றார் வெற்றிவேல்.

“சரிங்க சார்.”

போன் நின்றது. மேசையில் கிடந்த கவரை எடுத்து நான் இரண்டாகக் கிழித்தேன். பிறகு நாலாக. வீரன் அண்ணன் சுரேஷிடம் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். முழுசாகக் குடித்தான்.

“வேல போச்சு” என்றான்.

“போவட்டும்.”

“வூட்ல இன்னா சொல்றதுன்னு தெரில.”

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சித்தப்பாவிடம் இவனை அழைத்துப்போய் நிறுத்தாமல் அதைச் சொல்லவும் மாட்டேன். ஆனால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஓடிப்போய்ப் பேருந்து நிலையத்தில் நின்று கத்தலாம் போல இருந்தது. லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

“அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு. அஞ்சாவது கட்டத்துல பன்னி வேலிக்குள்ள பூந்து களத்துக்கு வந்துடுது. ரெண்டு மாசமா என்னால சரி பண்ண முடியல. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கணும்.”

“கடைசி பஸ்ஸு நாலரைக்கு” என்றான்.

“பன்னிய வெளிய தள்ளாம நீ பஸ் ஏறிடுவியா? கால உடைப்பேன்.”

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தான்.