லொறி வரும்வரை

கணவன் வாகீசனின் கண்களை மூடிவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள் சிவகௌரி. விடியும் நேரம் அவளுடைய மடியிலேயே அவன் போய்விட்டான். முற்றத்தில் சாக்கு உதறும் சத்தம் கேட்டது. காயவைத்த செத்தல் மிளகாயைத் தரம் பிரிக்க யோசப்பினும் இன்னும் இரண்டு பெண்களும் வந்துவிட்டார்கள்.

வாய்விட்டு ஒரு குரல் அழுதால் போதும், கோப்பாய் ஊரே படலைக்குள் வந்து நிற்கும். பிறகு இந்த வீட்டு மிளகாயில் எவரும் கை வைக்கமாட்டார்கள். செத்த வீட்டில் துடக்கு, தீட்டென்று வேலை நடக்காது.

அரசாங்க லொறி வருவது இன்றைக்குத்தான், அதுவும் கடைசித் தடவை. இந்தியச் செத்தலை இறக்கமாட்டோம், உங்கள் மிளகாயைச் சொன்ன விலைக்கு நாங்களே எடுப்போம் என்று போன வருடம் கூட்டம் வைத்துச் சொன்னார்கள். அதை நம்பித்தான் வாகீசன் வெங்காயத் தறை நிலத்திலும் மிளகாயை நட்டான். அவளுடைய தாலிக்கொடியை வட்டிக்கடையில் அடைவு வைத்தான். இங்கே பழம் சிவக்க, அங்கே இந்தியச் செத்தலோடு கப்பல் வந்தது. இப்போது சந்தையில் ஊர்ச் செத்தலை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. சட்டம் போடுகிறவர்களுக்கு மிளகாய் கறிக்குள் கிடக்கும் சாமான், அவ்வளவுதான்.

மகள் ஆரபி பள்ளிக்கூடப் பையோடு அறை வாசலில் நின்றாள்.

"அப்பா எழும்பேல்லையோ?"

"இரவு முழுக்க நெஞ்சு நோவெண்டு கிடந்தவர். இப்பதான் நித்திரை. எழுப்பாதை, நீ போயிட்டு வா."

பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு போனபோது சிவகௌரிக்குத் தன் கன்னத்தில் தானே அறைய வேண்டும் போலிருந்தது. ஆனாலும் முற்றத்தில் போய்க் குந்தினாள். வெளிறிய செத்தல் கலந்திருந்தால் சாக்கோடு தள்ளிவிடுவார்கள். சிவப்பை ஒருபக்கம், வெள்ளையை ஒருபக்கம் போட்டாள்.

"கௌரியக்கா, கண்ணெல்லாம் வீங்கிப்போச்சு. முகத்தைக் கழுவுங்கோவன்," என்றாள் யோசப்பின்.

"மிளகாய்க்குள்ளை இருந்தால் பின்னை என்ன. நீ கையை ஓட்டு."

மத்தியானம் லொறி வந்தது. கூட வந்த உத்தியோகத்தன் இளம் பொடியன். சாக்குகளுக்குள் கையை விட்டுப் பார்த்துத் தலையாட்டினான். எல்லாம் ஏறின.

"நல்ல சாமான் அம்மா. ஐயா எங்கை? பேர் பதிஞ்ச ஆள்தான் கையெழுத்து வைக்கவேணும்."

"அவருக்கு ஏலாது, படுத்திருக்கிறார். நான் வைக்கிறன்."

"உங்கடை கையெழுத்துக்கு எடுக்க ஏலாது அம்மா. உது மேலிடத்துச் சட்டம்." கொஞ்சம் யோசித்துவிட்டுத் தாளையும் மைப்பெட்டியையும் நீட்டினான். "அவரின்ரை பெருவிரல் அடையாளமெண்டாலும் எடுத்துக்கொண்டு வாங்கோ. நான் உள்ளை வந்து கரைச்சல் குடுக்கேல்லை."

நல்ல பொடியன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வாகீசனின் கை விறைத்திருந்தது. ஊரில் எவருடைய கலியாண எழுத்தென்றாலும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள், அவ்வளவு வடிவான கையெழுத்து. அந்த விரலைப் பிரிக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் விடுங்கோ," என்றாள் மெல்ல.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, லொறி ஒழுங்கையால் திரும்பும்வரை கட்டில் ஓரத்தில் இருந்தாள். குளிப்பாட்ட வருகிறவர்கள் பார்ப்பார்கள். சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்துப் பெருவிரலைத் தேய்த்தாள். நீலம் பரவியதே தவிரப் போகவில்லை.

"யோசப்பின்," என்று யன்னலால் கூப்பிட்டாள். "பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆரபியைக் கூட்டிக்கொண்டு வா."

சொல்லிவிட்டுத் திரும்பவும் அந்த விரலைத் தேய்க்கத் தொடங்கினாள்.