லாரியில் வரும் வீடுகள்

1

இந்தக் கதை எனக்குச் சோற்று வரிசையில் கிடைத்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு வாங்க நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண்மணி கைபேசியில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"வீட்ட வாங்குறதுக்கு முன்னாடி, அதுல யாரு படுக்கப் போறாங்கன்னு சொல்லுடா மோகன்!"

வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை. நான் போய் இடித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். உள்ளே ஒரே ஒரு மேசைதான் காலியாக இருந்ததால் எதிரெதிரே உட்கார்ந்தோம். மீன் தலை தீர்வதற்குள் கதை பாதிக்கு மேல் என் பக்கம் வந்துவிட்டது.

பெயர் ருக்குமணி. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பாலிக் புலாவில் அப்பா விட்டுப்போன ஜாதிக்காய்த் தோட்டம் அவருக்கும் தம்பி மோகனராஜுக்கும் பொது. அதன் முகப்பில் இருக்கும் மரவீட்டில் ருக்குமணி தனியாக இருக்கிறார். பின்னால் மரங்களுக்கு நடுவே ஆறு கேபின் வீடுகள், வாடகைக்கு. கேபின் என்றால் தொழிற்சாலையில் முழுசாகச் செய்து, லாரியில் ஏற்றி, கிரேனால் இறக்கி வைக்கிற வீடு. ஊர்க்காரர்கள் அந்த இடத்தைக் 'கேபின் கம்போங்', அதாவது கேபின் கிராமம், என்கிறார்கள்.

"எழுதுங்க அண்ணே, பரவால்ல. ஆனா எழுதினத எனக்கு அனுப்பணும் லா."

ஒப்புக்கொண்டேன். அதன் விலை அப்போது தெரியவில்லை.

2

பாலிக் புலாவ் மலைகளுக்குப் பின்னால் சூரியன் மெல்லச் சரிய, ருக்குமணியின் கண்களில் நீர் தளும்பி—

(இதை அனுப்பியதும் குரல் பதிவு வந்தது. "அண்ணே, நான் எப்ப அழுதேன்? அதுவும் சாயங்காலத்துல? அந்த நேரம் நான் கொடியில துணி எடுத்துக்கிட்டு இருப்பேன்." சரி. சூரியனையும் கண்ணீரையும் கைவிடுகிறேன்.)

2, மறுபடியும்

சின்னையாவின் கால் தரைக்குள் போனது.

அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி கமலாம்பிகையோடு மூன்றாவது கேபினில் இருக்கிறார். கட்டுமான இடத்தில் கழித்துக்கட்டிய கேபின்களைத்தான் ருக்குமணியின் அப்பா அந்தக் காலத்தில் வாங்கிப் போட்டிருந்தார். அடியில் துரு ஏறிப் பலகை உளுத்துவிட்டது. அன்று காலை சின்னையா நாளிதழை எடுக்க எழுந்தார். ஒரு கால் வீட்டில் இருந்தது, மற்றது வீட்டுக்குக் கீழே மண்ணில் இருந்தது.

கமலாம்பிகை அலறிய அலறலில் ருக்குமணி ஓடி வந்தார். சின்னையா தொடைவரை இறங்கி நின்றபடி, "ஒண்ணும் இல்ல லா. கமலா, அந்தச் சாயாவ இங்கயே குடு" என்றாராம்.

நான் இதை வேடிக்கையாக எழுதுகிறேன். ருக்குமணிக்கு அன்று வேடிக்கையாக இல்லை. இழுத்து வெளியே எடுத்தபோது காலில் நீளமாகக் கிழிந்திருந்தது. மருத்துவமனையில் தையல் போடும்வரை வெளியே உட்கார்ந்திருந்தவர், வீடு திரும்பும் வழியில் முடிவு செய்துவிட்டார்: ஆறு கேபின்களையும் மாற்ற வேண்டும். அதுவும் உடனே.

3

மோகனராஜைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம்.

முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதியிருந்தேன். தங்கச் சங்கிலி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டிருந்தேன். கதைக்கு ஒரு கெட்டவர் இருந்தால் எழுதுகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம். ருக்குமணி படித்துவிட்டு, "என் தம்பிகிட்ட சங்கிலியே கெடையாது, அவனுக்குக் கழுத்துல அரிக்கும்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் என் வில்லன் செத்துப் போனான்.

உண்மையான மோகனராஜ் கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்துச் செபராங் ஜெயாவில் கார் ஏர்கோன் (குளிரூட்டி) பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். மனைவியைப் பிரிந்த பிறகு கடைக்கு மேலேயே ஓர் அறையில் தங்கியிருக்கிறார். மாதம் ஒரு தடவை, கடை சாத்திய பிறகு, கடல் பாலத்தைத் தாண்டித் தீவுக்கு வந்து வாடகை வாங்கிப் போவார். புது வீடுகள் வாங்க வங்கிக் கடன் அவர் பேரில்தான் எடுக்க முடிந்தது. அதனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

"கண்ணாடி வச்ச கேபின் போடுவோம் கா. டூரிஸ்ட் வருவான். ஒரு வாரக் கடைசிக்கு வாங்குறது, இப்ப ஒரு மாச வாடகைக்குச் சமம்."

"இப்ப இருக்குறவங்க?"

"வேற இடம் பாத்துக் குடுப்போம் லா. நான் என்ன தெருவுலயா விடச் சொல்றேன்?"

"டுரியான் தோட்டத்துல வேலை செய்யிறவனுக்கும், கால்ல தையல் போட்ட மனுசனுக்கும் இந்த வாடகையில எங்க பாப்ப?"

நான் சோற்று வரிசையில் கேட்டது இந்தச் சண்டையின் வாலைத்தான்.

4

வீடு பார்க்கப் போன காட்சியை மூன்று முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் இரண்டு வீடுகள் போதும் என்று என் கை சொன்னது. ருக்குமணி விடவில்லை. "மூணு பாத்தோம். மூணையும் எழுதுங்க."

பெருநிலத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பெரிய திடல். மாதிரி வீடுகள் வரிசையாக நின்றன. அக்காவும் தம்பியும் போனார்கள். சின்னையாவையும் கமலாம்பிகையையும் ருக்குமணி கையோடு அழைத்துப் போனார். விற்பனையாளர் ஹைருல் குடையோடு ஓடி வந்தார். மலாய் இளைஞர், வாய் நிறையச் சிரிப்பு.

முதல் வீடு கண்ணாடி வீடு. உண்மையிலேயே அழகு. கமலாம்பிகை நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். திடலில் நின்ற லாரிக்காரர்களும் அவரைப் பார்த்தார்கள்.

"இதுக்குள்ள எங்க சீலை மாத்துறது?"

திரை போடலாம் என்றார் ஹைருல்.

"கண்ணாடிக்கும் காசு குடுத்து, அத மறைக்கிற துணிக்கும் காசு குடுக்கிறதோ?"

மோகனராஜுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது, இருப்பதிலேயே மலிவு. மெல்லிய சுவர், பளபளவென்று வெள்ளை. மோகனராஜ் உற்சாகமானார். இருக்கிறவர்களுக்கு இதில் ஐந்து வாங்கினால், மிச்சத்தில் ஒரு கண்ணாடி வீடு போடலாம். எல்லோருக்கும் நல்லது. ஹைருல் ஏர்கோன் விசையை நோக்கிக் கை நீட்டினார்.

"போடாதீங்க," என்றார் ருக்குமணி. "இவங்க பகல் பூரா ஏர்கோன் போட மாட்டாங்க. மோகன், நீ உள்ள போயி கொஞ்ச நேரம் இரு. கதவ சாத்திக்க."

உச்சி வெயில். தம்பி அக்காவைப் பார்த்தார், பின்வாங்கினால் மானம் போகும் என்று தெரிந்தது, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

(எவ்வளவு நேரம் இருந்தார் என்பதில் இருவருக்கும் இன்றுவரை வழக்கு. "ஒரு பாட்டு முடியிற நேரம்" என்கிறார் அக்கா. "அரை மணி நேரம்" என்கிறார் தம்பி. எழுதுகிறவன் எந்தப் பக்கமும் சாயாமல் 'சற்று நேரம்' என்று போட்டுக்கொள்கிறான்.)

வெளியே வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. படியில் உட்கார்ந்தார். ஹைருல் கொடுத்த சிராப் என்கிற இனிப்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். வாழ்க்கை முழுக்க மற்றவர்களுடைய கார்களைக் குளிர வைக்கிற மனிதர். கடைசியில் சின்னையாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"அண்ணே, அந்தப் பழைய வீட்டுல இப்படித்தான் இருந்தீங்களா?"

"பகல்ல மரத்தடியில இருப்போம் தம்பி. நீங்க வாரப்ப வெயில் தணிஞ்சிருக்கும்ல."

சின்னையா குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். மோகனராஜ் காலி குவளையை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

(இங்கே அவர் மனம் மாறியதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அழகான பத்தி. எடுத்துவிட்டேன். குவளை போதும்.)

மூன்றாவது வீடு திடலின் ஓரத்தில் நின்றது. கொய்யாக்காய் நிறம். அந்த நிறத்தை யாரும் விரும்பவில்லை, அதனால் விலையைக் குறைத்துவிட்டோம் என்றார் ஹைருல், கொஞ்சம் வெட்கத்தோடு. சுவருக்குள் வெப்பம் தடுக்கும் நுரைத்தகடு இருந்தது. கூரைக்கு மேல் காற்றுப் போக இடம் விட்டு இன்னொரு கூரை. எதிரெதிரே ஜன்னல்.

ருக்குமணி குனிந்து அடிப்பலகையைத் தட்டினார். குளியலறைக் கதவை நாலு தடவை திறந்து மூடினார். சமையல் மேடையில் இல்லாத காயை நறுக்கிப் பார்த்தார். பிறகு, மழை பெய்தால் பேச்சு கேட்குமா என்று தெரிய வேண்டும் என்றார். ஹைருல் ஏணி போட்டு ஏறி, குழாயால் கூரையில் தண்ணீர் அடித்தார். உள்ளே சின்னையாவும் கமலாம்பிகையும் எதிரெதிரே நின்றார்கள்.

"கேக்குதா?"

"கேக்குது. கத்தாதீங்கோ."

"இதான்," என்றார் மோகனராஜ். அக்காவுக்கு முன்பே சொன்னார். "ஆறும் இதே. ஹைருல், எங்களுக்காக இன்னும் கொஞ்சம் குறைங்க லா." ஹைருல் கூரைமேலிருந்தே தலையாட்டினார்.

5

இந்த இடத்தில் கதையை முடிக்கலாம். என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

அ) குடியிருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ருக்குமணிக்கு மாலை போட்டு— ("வேணாம் அண்ணே, கூச்சமா இருக்கு.")

ஆ) பல வருடம் கழித்து, அந்தத் தோட்டத்தில்— (இல்லை. பல வருடம் இன்னும் வரவில்லை.)

நடந்ததையே சொல்கிறேன். லாரிகள் ஒரு காலையில் பாலத்தைத் தாண்டி வந்தன. வளைந்த சாலையில் கொய்யாக்காய் நிற வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்க்க, சந்தைக்குப் போனவர்கள்கூட நின்றார்கள். மதியத்துக்குள் ஐந்து வீடுகள் உட்கார்ந்துவிட்டன. சின்னையா தன் வீட்டுத் தரையில் கைத்தடியை ஊன்றி ஊன்றி நடந்து, ஒவ்வொரு தடவையும், "இறங்கல கமலா, இறங்கல" என்று அறிவித்தார்.

ஆறாவது கேபினில் ஆள் இல்லை. முன்பு இருந்தவர் மகளோடு போய்விட்டார். அதற்கு யாரைக் குடி வைப்பது என்று ருக்குமணி கேட்டபோது, மோகனராஜ் கிரேன் கயிற்றைச் சரிபார்ப்பவர்போலத் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"நான் வந்துரவா கா? கடைக்கு இங்கேருந்தே போயிக்கலாம்."

ருக்குமணி அவர் பின்னாலிருந்தே கேட்டார்:

"வாடகை குடுப்பியா?"

"குடுப்பேன் லா."

"அப்ப சரி."

(கண்ணீர் உண்டா என்று கேட்டு அனுப்பினேன். இந்த ஒரு தடவை பதில் வரவில்லை.)

6

கிரேன் ஆறாவது வீட்டைத் தூக்கியது. வீடு காற்றில் லேசாகச் சுழன்றது. கதவை எந்தப் பக்கம் வைப்பது என்று கிரேன்காரர் மேலிருந்து மலாயில் கத்தினார்.

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. ஒரு பக்கம் மலை. அங்கே வாசல் வைத்தால் காற்றும் மரமும் தனிமையும். இன்னொரு பக்கம் அக்கா வீட்டுச் சமையலறை. அங்கே வைத்தால் காலையில் கதவைத் திறந்ததும், "எழுந்துட்டியா, சாயா குடிச்சியா" எல்லாம் கேட்கும். பல வருடம் தனியாக இருந்த மனிதர். தனிமை பழகியும் இருக்கும், சலித்தும் இருக்கும்.

"நீ சொல்லு கா."

"உன் வீடு. நீயே சொல்லு," என்று ருக்குமணி கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார். துணி அப்போதுதான் போட்டது.

எந்தப் பக்கம் வைத்தார்கள் என்று நான் கேட்டேன். "வந்து பாருங்களேன் அண்ணே, அவன் வாசல்லயே உக்காந்து சாயா குடிக்கலாம்" என்றார். நான் இன்னும் போகவில்லை. போனால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் இந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டும்.

ஆகவே வீட்டை இங்கேயே நிறுத்துகிறேன், மரங்களுக்கு மேல், கொய்யாக்காய் நிறத்தில். சின்னையா கைத்தடியை உயர்த்தி ஏதோ யோசனை சொல்கிறார், கமலாம்பிகை அவர் கையை இறக்குகிறார். மோகனராஜ் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு கையை நீட்டப் போகிறார்.

உங்களுக்கு அக்காவோ தம்பியோ இருந்தால் அவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு சொல்லுங்கள், எந்தப் பக்கம்? சீக்கிரம். கிரேன்காரர் இன்னும் சாப்பிடவில்லை.