நாலு மணி வாசனை

“அம்புஜம்மாவோட மருந்து சார்ட்டைக் காட்டுங்க அக்கா.”

எலிசபெத் அக்கா பேனாவை மூடி வைத்தார். பெங்களூர் மல்லேஸ்வரத்து மறதிநோய் இல்லத்தில் அவர்தான் தலைமை நர்ஸ். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார்: எதை வேண்டுமானாலும் கேள், மருந்து சார்ட்டை மட்டும் ஒருபோதும் கேட்காதே. எட்டு மாதமாகக் கேட்கவில்லை.

“இன்னாடி திடீர்னு?”

“காட்டுங்க.”

“எம்.எஸ்சி படிச்சவங்க ஆர்டர் போடறாங்கப்பா. மொதல்ல டீ குடிச்சியா?”

நான் சிரிக்கவில்லை.

இங்கே என் வேலை வாசனை. பொழுது சாயும் நேரத்தில் இங்கிருப்பவர்களுக்குப் பதற்றம் ஏறும். கதவை உதைப்பார்கள், வீட்டுக்குப் போகணும் என்று அழுவார்கள். நாலு மணிக்கு அறைக்குள் லாவண்டர் எண்ணெயை ஆவியாக்கும் கருவியைப் போடுவேன். போட்டதும் வார்டை விட்டே வெளியே வந்துவிட வேண்டும். ஆள் நின்றால் வாசனை வேலை செய்யாது என்று அக்கா சொல்லியிருந்தார். ஐந்து மணிக்குத் திரும்பிப் போய், பதற்றத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன். அம்புஜம்மாவுக்கு நாலு மணிக்கு எட்டு, ஐந்து மணிக்கு ஒன்று. தினமும்.

அந்த மார்க்குகளை வைத்து, இல்லத்தை நடத்தும் டாக்டர் வரவேற்பறையில் ஒரு போர்டு மாட்டினார். ‘மருந்தில்லா அமைதி. ஆய்வு: சங்கமித்ரா, எம்.எஸ்சி.’ எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீடு இருக்கும் நீலசந்திராவிலிருந்து அப்பா பஸ் பிடித்து வந்து, அந்த போர்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

இன்று காலை புது லாவண்டர் பாட்டில் வந்தது. சரக்கு சரிதானா என்று பார்க்க, அம்புஜம்மாவின் அறையிலேயே மூடியைத் திருகினேன். வங்கியில் மேனேஜராக இருந்தவர். ஜன்னலோரம் முந்தானை நுனியை மடித்துக்கொண்டிருந்தார். வாசனை வந்ததும் விறைத்துப் போய், இடது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

“நான் கத்தலம்மா. பாரு, சும்மாதானே உக்காந்திருக்கேன்? கத்தவே மாட்டேன்.”

பெற்ற மகள் வைஷ்ணவியின் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. லாவண்டர் நினைவிருக்கிறது. முக்கால் கை ரவிக்கையை மெதுவாக மேலே தள்ளிப் பார்த்தேன். பழைய மஞ்சளும் புது நீலமுமாக ஊசித் தடங்கள்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. டிராயரைத் திறந்து சார்ட்டை மேசையில் போட்டார். தினமும் நாலேகால். மயக்க ஊசி. அவருடைய கையெழுத்து.

“வைஷ்ணவி மேடத்துக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா விடுவாங்களா? ஊசி இல்லாம பாத்துப்போம்னுதான இங்க சேத்தாங்க.”

“யாரு போடச் சொன்னது?”

“டாக்டர்தான். பன்னெண்டு பேரு, சாயங்காலம் ரெண்டே நர்சு. ஒருநாள் நீ வந்து புடிச்சுப் பாரு.” மணிக்கட்டைக் காட்டினார். பல் பதிந்த தழும்பு. “இதுக்கு எந்த எண்ணெய் ஊத்துவே?”

“அப்போ என் லாவண்டர்?”

“நல்ல வாசனைதான்டி, யாரு இல்லேன்னா? ஊசிக்கு முன்னாடி ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கிறோமே, அந்த நாத்தம் வெளிய தெரியாது.”

தினமும் நாலேகாலுக்கு நான் வார்டு கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். வாசனை வேலை செய்கிறது என்று காவல் காத்திருந்தேன்.

“என்னை எதுக்கு வெச்சீங்க?”

“டிகிரி படிச்ச பொண்ணு எழுதிக் குடுத்தா வீட்டுக்காரங்க நம்புவாங்கன்னாரு டாக்டர். நான்தான் உன் பேரச் சொன்னேன். கோலார் தங்கவயல்ல உங்க தாத்தாவும் எங்கப்பாவும் ஒரே ஷிஃப்டு. நம்ம பொண்ணு, குறுக்க கேள்வி கேக்காதுன்னு நெனச்சேன்.”

நம்ம பொண்ணு. அவர் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம், இந்த இடத்தில் எனக்கென்று ஒரு ஆள் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். வாயைத் திறக்காது என்பதுதான் அதற்கு அர்த்தமாம்.

போனை எடுத்துச் சார்ட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தேன்.

“வேணாம்டி சங்கு. அதுல என் கையெழுத்து மட்டும்தான் இருக்கு. டாக்டர் எங்கயும் கையெழுத்து போடல.”

“போர்டுல என் பேரு மட்டும்தான் இருக்கு. அங்கயும் அவரு இல்ல.”

அது அக்காவுக்கு இப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

“அவரு சொல்லித்தான் போட்டேன்னு நீங்க சொல்லுங்க. என் மார்க்கெல்லாம் பொய்னு நான் சொல்றேன்.”

“சொல்லிட்டு? இந்த பெங்களூர்ல எவன்டி உனக்கு வேலை குடுப்பான்?”

“எவனும் குடுக்க மாட்டான்.”

“வேலைக்கு வெச்ச என்னையே மாட்டிவிடுவியா?”

“அந்தம்மா எங்கிட்டதான் கெஞ்சினாங்க அக்கா. ஊசி போடறது நான்னு நெனச்சுக்கிட்டு.”

அவர் அழ ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் நின்றால் நானும் அழுவேன், அழுதால் உட்கார்ந்துவிடுவேன் என்று தெரிந்தது. அங்கேயே, அவர் காதுபடவே, வைஷ்ணவிக்கு போன் போட்டேன்.

“மேடம், சங்கமித்ரா பேசறேன். வீட்லயா இருக்கீங்க? எங்கயும் போயிடாதீங்க. நேர்ல ஒண்ணு காட்டணும். காட்டினதும் நீங்க எங்கூட இங்க வரணும்.”

“அம்மாவுக்கு என்ன?”

“உயிருக்கு ஒண்ணும் இல்ல. வர்றேன்.”

அக்கா என் பையின் வாரைப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். வைஷ்ணவியின் வீடு மூன்று கிராஸ் தெரு தள்ளித்தான். படியிறங்கி கேட்டைத் தாண்டினேன்.