இடப்பக்கம் சாய்ந்த ஷோகேஸ்

சக்கரபாணியின் ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைகளுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தவள் நான். பெயர் அருணாதேவி. செங்கம் சாலையில் போகிறவர்கள் அந்தக் கடைக்குள் கால் வைத்ததே என்னால்தான் என்று சொன்னால் தலைக்கனம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த ஆள் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். வாசலில் என்ன தொங்குகிறது, யார் கண்ணில் படுகிறது என்பதெல்லாம் என் பாடு. குண்டு பல்பு வெளிச்சத்தில் அரக்கு நிறம் எடுப்பாகத் தெரியும், டியூப் லைட்டில் அதுவே செத்துப்போகும். பத்துப் புடவையை நெருக்கி மாட்டினால் எதிலும் கண் நிற்காது. ஒன்றைத் தனியாக விட்டு, விலையைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தால் விலை கேட்கக் கூச்சப்படுகிற கிராமத்துப் பெண்ணும் தைரியமாக உள்ளே வருவாள். இதையெல்லாம் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. எதிர் வரிசையில் போய் நின்று கடையைப் பார்த்துப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

ஒரு வைகாசி மாதம், சாயங்கால வெயில் பொம்மையின் மேல் நேராக அடித்தது. பட்டு வெளுத்துவிடுமே என்று அரக்குப் பட்டைக் கழற்றி உள் அலமாரியில் வைத்துவிட்டு, பொம்மைக்கு ஒரு நூல் புடவையைக் கட்டினேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் ஜமக்காளத்தில் உட்கார்ந்து புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பட்டைக் காட்டலாம் என்று சக்கரபாணி தலையைத் தூக்கினார். பொம்மையின் மேல் பட்டு இல்லை.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த என் பையை எடுத்து ஜமக்காளத்தின் மேல் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, மாதவிலக்குக்கென்று நான் மடித்து வைத்திருந்த துணி, எல்லாம் அத்தனை ஆம்பளைகள் எதிரில் விழுந்தன. பட்டு அலமாரியில் இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

"சரி சரி, போய் வேலையப் பாரு" என்றார்.

கீழே கிடந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அப்புறம் அந்தப் படி ஏறவில்லை. ஆனால் ஊரில் எந்தக் கடைப் படியிலும் என்னை ஏறவிடவில்லை. 'சக்கரபாணி கடையில புடவை திருடினவளாமே' என்பது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. பட்டு அலமாரியில் கிடைத்த கதை மட்டும் எந்தக் கடைக்கும் போகவில்லை.

அப்போதே முடிவு செய்தேன். இந்த மனிதனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, அவர் பார்க்கப் பார்க்க அவர் வியாபாரத்தைப் பிடுங்க வேண்டும். அம்மா கன்னியம்மாள் ஒன்றும் கேட்காமல் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் கடைக்கு நேர் எதிரில், மலைப் பக்க வரிசையில், சைக்கிள் கடை காலியான ஒரு சந்து மாதிரி இடம் கிடைத்தது. துண்டு, வேட்டி, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை, கொஞ்சம் நூல் புடவை. இந்தக் கடை படுத்துவிட்டால் 'திருடி, அதான் நிலைக்கல' என்று ஊர் அடித்துச் சொல்லிவிடும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

இது தொண்ணூறுகளின் நடுவில். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டிருந்த சமயம். மற்ற நாளில் சாலையில் ஜனம் இரண்டு பக்கமும் போகும், வரும். பௌர்ணமியில் அப்படி இல்லை. மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே திசையில்தான் நடப்பார்கள். என் கடைக்குள்ளிருந்து சாலையைப் பார்த்தால் அத்தனை பேரும் இடப்பக்கமிருந்து வருவார்கள். அதனால் என் ஷோகேஸை நேராக வைக்காமல் இடப்பக்கம் சாய்த்து, சாலையோரம் வரை நீட்டி வைத்தேன். வருகிறவர்களைப் பார்த்த முன்பக்கம் கண்ணாடி, முதுகுப் பக்கம் பிளைவுட். இன்னொன்றும் செய்தேன். வெறுங்காலோடு நடக்கிறவர்கள் கல் குத்தும் என்று தரையைப் பார்த்தே நடப்பார்கள், உயரத்தில் மாட்டினால் சாமிக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். மாசிப் பௌர்ணமியில் துண்டு அத்தனையும் தீர்ந்துபோனது.

எதிர்க்கடை இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அந்த வாரமே தச்சு வேலை செய்யும் அப்பாதுரை அளவு டேப்போடு என் வாசலில் வந்து நின்றார். வேங்கிக்காலில் புது வீடுகளுக்குக் கதவு, ஜன்னல் செய்கிறவர். நல்ல மனுஷன். சங்கடத்தில் நெளிந்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. சக்கரபாணி இதே மாதிரி ஒன்னு செய்யச் சொல்றாரு. அளவு எடுத்துட்டு வான்னாரு. வேணாம்னா போயிடறேன்."

"எடுத்துக்கங்கண்ணா. அதுல என்ன இருக்குது."

"இதவிட ஜாஸ்தி உயரமா, பெரிசா வேணுமாம். மத்தபடி ஒரு நூல் பிசகாம இதே மாதிரி இருக்கணும்ன்றாரு. சாய்ப்பு இடது பக்கம்தானே?"

ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எதிர் வரிசைக்கு இடது என்பது கூட்டம் வருகிற பக்கமில்லை, போகிற பக்கம்.

"என்னுது இடது பக்கம்தாண்ணா" என்றேன். நான் பொய் சொல்லவில்லை, அதில் எனக்கு இன்னும் சந்தோஷம். டீ வரவழைத்துக் கொடுத்தேன். "பௌர்ணமிக்குக் கூட்டம் இடிச்சித் தள்ளும். ஷோகேஸ் காலைத் தரையில பொதைச்சி சிமெண்ட் போட்டுடச் சொல்லுங்க. அப்பதான் ஆடாது."

"நல்ல யோசனைம்மா" என்று அவர் போனார்.

சித்திரை பிறக்கும்போது எதிரில் அது எழும்பிவிட்டது. என்னுடையதைப் போல் இரண்டு மடங்கு. சென்னையிலிருந்து வந்த வெள்ளைத்தோல் பொம்மைகள், வரிசையாக டியூப் லைட். செங்கம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது, நாலு பேர் நின்று பார்த்துவிட்டும் போனார்கள். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு நாள் சக்கரபாணியே கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். போச்சு, கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் தன் கடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் இன்றைக்கு எதை மாட்டியிருக்கிறேன் என்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சாயங்காலம் அவர் பொம்மைகளின் தோளிலும் காவித் துண்டு ஏறியது.

சித்ரா பௌர்ணமி வந்தது. வெயில் தாழ்ந்ததும் கோயில் பக்கமிருந்து ஜனம் திரண்டு வந்தது. சென்னைக்காரர்கள், ஆந்திராக்காரர்கள், பிள்ளையைத் தோளில் தூக்கி வந்தவர்கள். வருகிற கண்ணெல்லாம் என் கண்ணாடி மேல் விழுந்தது. எதிர்ப்பக்கம் திரும்பியவர்களுக்கு வர்ணம்கூட அடிக்காத ஒரு பிளைவுட் முதுகு தெரிந்தது, அவ்வளவுதான். அத்தனை விளக்கும் தாண்டிப் போய்விட்டவர்களின் முதுகுக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒருவேளை யாராவது தலையைத் திருப்பிப் பார்த்தாலும் பிரயோஜனமில்லை. வலம் போகிறவர்கள் வந்த வழியே திரும்பி நடக்க மாட்டார்கள். கிரிவலத்தில் அது ஆகாது.

வெள்ளரிப் பிஞ்சு விற்கிற கிழவி ஒருத்தி அந்தப் பிளைவுட்டில் வசதியாகச் சாய்ந்து கூடையை விரித்தாள். அவளுக்கு நல்ல வியாபாரம். சக்கரபாணியின் ஆட்கள் "வாங்க, வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஷோகேஸைத் திருப்பப் பார்த்தார்கள். சிமெண்ட் அசையவில்லை. துண்டை மடித்துக் கொடுத்துக்கொண்டே நான் அதைப் பார்த்தேன். அன்றைக்குத் தின்ற எதுவும் அந்தக் காட்சி அளவுக்கு எனக்கு ருசிக்கவில்லை.

நிலா மேலே வந்த நேரத்தில் அவரே சாலையைக் கடந்து வந்தார். கூட்டம் அவரை இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்விட்டது. மறுபடி ஓரமாக ஒட்டி ஒட்டி, சட்டையெல்லாம் நனைந்து, என் ஷோகேஸுக்கு முன்னால் வந்து நின்றார். நின்றவர் திரும்பி எதிரே தன் கடையைப் பார்த்தார். அந்தக் கடை ஆரம்பித்த நாளிலிருந்து அதை அவர் வெளியிலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான் இருக்கும்.

"ஒனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு வார்த்தை."

"நீங்களும் அன்னிக்குப் பையக் கவுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவர் தலை குனிந்தது. ஊர் பார்க்க, அவர் கடை ஆட்கள் பார்க்க, என் கடை வாசலில். இதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் படுக்கும்போது நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"அருணா, அன்னிக்கு அந்தப் புடவை விஷயத்துல நான் வந்து..."

அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் குனிந்து எதையோ பார்க்க முயன்றுகொண்டிருந்தார்கள். அவர் வேட்டி மறைத்தது.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றேன். "சரக்கு தெரியல."

அவர் வாயை மூடிக்கொண்டு நகர்ந்து நின்றார். நான் அந்தப் பெண்களுக்குத் துண்டை விரித்துக் காட்டினேன்.