அடித்தொட்டியில் இருவர்

போருக்கு முன்னால் அது வசதிபடைத்தவர்கள் போய்வந்த பயணிகள் கப்பல். நடன மண்டபமும் பியானோவும் இருந்தன. இப்போது கப்பல் பழுதுபார்க்கத் தண்ணீர் வடித்த டாக்கில், மரக்கட்டைகள்மேல் உட்கார்ந்தபடி, படைவீரர்களை ஏற்றத் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் அடிவயிற்றில், இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே கிடந்த தொட்டியில், ஃபிட்டரின் மனைவியும் தங்கையும் துரு சுரண்டிக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து உட்கார முடியாது. ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குத் தவழ்ந்துதான் போகவேண்டும். தங்கை குட்டை, கப்பல்பட்டறை முழுக்க அவளுக்குப் 'பட்டாணி' என்றே பெயர்.

"உனக்குன்னே அளவெடுத்துக் கட்டியிருக்காங்கடி," என்றாள் அண்ணி, முழங்கையைத் தேய்த்தபடி.

"நீங்க மட்டும் என்ன அண்ணி, தொட்டியையே ரவிக்கையா மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கீங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் எங்கோ தொம்மென்று ஒரு சத்தம். தகடு அதிர்ந்தது. பிறகு இன்னொன்று, கிட்டத்தில்.

"குண்டு!" என்றாள் அண்ணி.

பேட்டரி விளக்கைத் தள்ளிக்கொண்டு, நுழைந்த துளையை நோக்கித் தவழ்ந்தார்கள். வெளிச்ச வட்டம் தெரியவேண்டிய இடத்தில் அண்ணியின் கைக்குச் சில்லென்று இரும்பு தட்டியது. மூடி போட்டு, மேலிருந்து நட்டு முடுக்கியாகிவிட்டது. விமானத் தாக்குதலுக்குச் சங்கு ஊதினால் தொட்டிகளை மூடவேண்டும் என்பது பட்டறை விதி. மூடுவது ஃபிட்டரின் வேலை.

இருவரும் கத்தினார்கள். குரல் அவர்கள் காதுக்கே திரும்பி வந்தது.

அடுத்த குண்டில் கப்பல் மெல்ல அசைந்தது. கட்டைமேல் கிடந்த கப்பல் அசைவானேன்? கடலைத் தடுத்துநின்ற டாக்கின் கதவு உடைந்து தண்ணீர் உள்ளே வருகிறது என்று அண்ணிக்குப் புரிந்தது. பக்கத்து அறையின் அடித்தகட்டில் இன்னும் ஆணி அறையாத துளைகள் இருந்தன. அவற்றின் வழியே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. முழங்காலை நனைத்தது. இடுப்புக்கு ஏறியது.

பட்டாணி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி... அண்ணன் கூப்பிட்டாரு. எனக்குக் கேட்டுச்சு."

"என்னடி சொல்ற?"

"டீக்குக் கூப்பிடறாருன்னு நினைச்சேன். இந்த மூலையை முடிச்சுட்டுப் போகலாம்னு சும்மா இருந்துட்டேன்."

அண்ணி அவளை அறையத்தான் கையை எடுத்தாள். ஓங்குவதற்குக்கூட இடமில்லை. கை பட்ட முகம் நடுங்கிக்கொண்டிருந்தது. அதை அப்படியே தன் தோளோடு அழுத்திக்கொண்டாள்.

"அழுதது போதும். சுரண்டியை எடு, தட்டு. கை ஓயாம தட்டு."

தட்டினார்கள். தண்ணீர் மார்புக்கு வந்தது. விளக்கு மங்கி அணைந்தது.

ஃபிட்டர் அந்நேரம் பெண்கள் பதுங்குகுழியில் முகம் முகமாகத் தேடிக்கொண்டிருந்தான். தனக்கு முன்னே போயிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தான். இருவரும் இல்லை. மேஸ்திரி சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே கப்பலுக்கு ஓடினான். கடைசி நட்டைக் கழற்றும்போது அவன் விரல் நகம் பெயர்ந்திருந்தது. முதலில் பட்டாணியைத் தூக்கினான், பிறகு மனைவியை.

விமானங்கள் போனபின் மேஸ்திரி ஃபிட்டரிடம் வந்தார்.

"உள்ள ஆள் இருக்கான்னு பாக்காமலா மூடினே? கூப்பிட்டியா இல்லையா?"

பட்டாணியின் உதடு அசைந்தது. அண்ணி அவள் கையை நசுக்கினாள்.

"கூப்பிட்டாருங்க. நாங்க சுரண்டின சத்தத்துல ரெண்டு பேருக்குமே கேக்கலை."

டாக் கதவைச் சரிசெய்து மறுபடி தண்ணீர் வடித்த பிறகு, எஞ்சிய குறுகலான அறைகளுக்குள் பட்டாணிதான் இறங்கினாள். அவ்வளவு சின்ன உடம்பு வேறு யாருக்கும் இல்லை. அண்ணிக்கோ அந்தத் துளைக்குள் தலையை நீட்டவே பயம். ஆனால் மூடியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏய் பட்டாணி!"

"இருக்கேன் அண்ணி!"

பதில் கொஞ்சம் பிந்தினாலும் அண்ணி மூடியைத் தட்டி மறுபடி கூப்பிட்டாள்.