கார் செட்டுக்குச் சத்தமில்லாத கதவு

புருஷனை அவன் இவன்னு பேசுறாளேன்னு மூஞ்சியைச் சுளிக்காதீக. பதினாலு வருஷம் ஊருக்கு முன்னால "அவுக, அவுக"ன்னு சொல்லிச் சொல்லியே என் நாக்குத் தேஞ்சுபோச்சு. செத்தவனுக்கு இனி என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு? முத்துவீரன்னு பேரு. சின்னமனூர்ல ரெண்டு பஸ்ஸு வச்சு ஓட்டுனான், தேனிக்கு ஒண்ணு, கம்பத்துக்கு ஒண்ணு. முப்பத்தேழாம் வருஷம் மேகமலை எஸ்டேட் துரை சீமைக்குப் போறப்ப வித்துட்டுப் போன கறுப்புக் காரையும் வாங்கினான். அதை நிப்பாட்ட வீட்டை ஒட்டி ஒரு செட்டுப் போட்டான்.

அந்தச் செட்டுக்கு ரெட்டைக் கதவு, தகரம் அடிச்சது. திறந்தா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அந்தச் சத்தம்தான் எனக்கும் என் மக ராஜாத்திக்கும் சாமி. அவன் காரை விட்டு இறங்கணும், பூட்டைத் திறக்கணும், ஒத்தைக் கதவை இழுக்கணும், கிறீச்! மறுகதவு, இன்னொரு கிறீச்! அதுக்குள்ள நான் பிள்ளையைப் புறவாசல் வழியா அக்கம்மா வீட்டுக்குத் தள்ளி விட்டுருவேன். அக்கம்மா பின்வீட்டுக்காரி. வாய் செத்தவ, ஆனா அந்நேரத்துக்குத் தாழ்ப்பாளை எடுத்துத் தயாரா வச்சிருப்பா. பிள்ளை போயிட்டா அடி எனக்கு மட்டும். அதை நான் வாங்கிக்கிருவேன்.

எதுக்கு அடிப்பான்னு கேக்குறீகளா? டயர் வெடிச்சா அடி. கண்டக்டர் வரலைன்னா அடி. குழம்புல உப்புக் கூடினாலும் அடி, குறைஞ்சாலும் அடி. அந்த வருஷம் ஆடி மாசம், பிள்ளை சிலேட்டை உடைச்சுட்டாள்னு சடையைப் பிடிச்சு இழுத்துத் தூணுல மோதினான். காதுல ரத்தம் வந்துச்சு. இடது காது அதுக்கப்புறம் அவளுக்கு மந்தமாப் போச்சு. மறுநாளே காரில முன்சீட்டுல உக்காத்தி வச்சு உத்தமபாளையம் கூட்டிக்கிட்டுப் போய், கை நிறைய கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டான். அவளும் சிரிச்சுக்கிட்டே வந்து இறங்குறா! பத்து வயசுப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்?

அப்புறம் ஒரு நாள் சோத்துல கையை வச்சுக்கிட்டே கேட்டான்.

"நான் வர்றப்பெல்லாம் பிள்ளை எங்கனடி போயிருது?"

"அக்கம்மா வீட்டுக்கு. பாடம் படிக்க."

எந்திரிச்சுப் போனான். செட்டுக் கதவை ஆட்டிப் பாத்தான். திரும்பி வந்தவன் மூஞ்சியில ஒரு சிரிப்பு. "இதுதான் உனக்கு மணி அடிக்குதாக்கும்"னான். சோத்துத் தட்டைத் தூக்கி என் முகத்துல அடிச்சான். பித்தளைத் தட்டு. புருவம் பிளந்து, ரத்தமும் ரசமுமா வழிஞ்சுச்சு. "இனிமே நான் உன் பின்னால வந்து நிக்கிற வரைக்கும் உனக்குத் தெரியக்கூடாது. பாத்துக்கிட்டே இரு"னான்.

கீலுக்கு விளக்கெண்ணெய் ஊத்திப் பாத்தான். கீல் அடங்குச்சு, தகரம் அடங்கலை. கார் சத்தம் கேக்காதான்னு நினைப்பீக. வீடு மெயின் ரோட்டு மேல, நாள் பூரா வண்டி போற இடம். எந்த வண்டியைன்னு கேக்குறது? போதாததுக்கு ரோடு எங்க வாசலுக்குச் சரிவு. என்ஜினை அணைச்சு உருட்டிக்கிட்டே வந்துருவான். கதவு ஒண்ணுதான் பாக்கி.

மேகமலையில தேயிலை பேக்டரி மிஷின் பூட்டுற பிட்டர் ஒருத்தர் இருந்தாரு, பிச்சைமணின்னு. துரை பங்களாவுல தன்னால திறக்கிற கதவு போட்டவரு. அவரை வரச் சொன்னான். நான் காப்பி குடுக்கப் போறப்ப பேச்சு நடக்குது.

"மெட்ராஸ் கம்பெனி புஸ்தகத்துல மூணு தினுசு இருக்கு முதலாளி. கரண்டு மோட்டார்ல ஓடுறது ஒண்ணு. நம்ம தெருவுக்குக் கரண்டு இல்லை. இருந்தாலும் அது உறுமும். ஸ்பிரிங்கு வச்சது ஒண்ணு. அது திறக்கையில 'டங்'குனு அடிக்கும். மூணாவது எடை கட்டுறது. கதவு மேலாக்க ஏறும், பக்கத்துல எடை கீழ இறங்கும். வாசல்ல ஒரு பலகை பதிச்சிருவேன். கார்ச் சக்கரம் அதுல ஏறினா கொக்கி விடும், கதவு தன்னால ஏறிரும். நீங்க இறங்கவே வேண்டாம்."

"சத்தம்?"

"சங்கிலி போட்டா சலசலங்கும். நான் கயிறு போடுறேன். கப்பிக்கு வெங்கலப் புஷ்ஷு. கதவு ஓடுற காடிக்குள்ள தோல் ஒட்டிருவேன். பூனை நடக்குற மாதிரி இருக்கும்."

"அதைப் போடு"ன்னான், என்னைப் பாத்துக்கிட்டே.

எடைக்கு என்ன கட்டுறதுன்னு பேச்சு வந்துச்சு. பிச்சைமணி இரும்புக் கட்டி வாங்கலாம்னாரு. இவன் துள்ளிக் குதிச்சான். "கட்டி என்னத்துக்கு? என் கல்லு இருக்கு."

அவன் கல்லுன்னா இளவட்டக்கல்லு. எங்க ஊரு மந்தையில கிடந்தது, உருண்டையா, வழுவழுன்னு. அதை நெஞ்சுக்கு ஏத்தி, தோளுக்கு மேல தூக்கிப் பின்னால போட்டதுக்குத்தான் எங்க அய்யா என்னை இவனுக்குத் தூக்கிக் குடுத்தாரு. வேற யாராலயும் முடியலையாம்! கல்யாணம் முடிஞ்ச கையோட கல்லையும் வண்டியில ஏத்திக்கிட்டு வந்துட்டான்.

"எத்தனை மணங்கு எடை முதலாளி?"

"பத்து."

"ஏலக்காய்க் கடைத் தராசுல ஒரு தடவை நிறுத்துட்டா எனக்குக் கணக்குச் சரியா வரும். கல்லைவிடக் கதவு ஒரு மணங்கு குறைச்சலா இருக்கணும்."

எங்க பக்கம் இளவட்டக்கல்லைத் தராசுல ஏத்த மாட்டாக. தூக்குனவன் சொன்னதுதான் எடை. நிறுத்துப் பாக்குறது அவன் ஆம்பளையான்னு சோதிக்கிறதுக்குச் சமானம். இவன் பிச்சைமணி சட்டையைப் பிடிச்சுட்டான். "ஏலே, என் தோளு தராசு இல்லையா? பத்துன்னா பத்து!" அந்த ஆளு தலையை ஆட்டினாரு.

வேலை பன்னெண்டு நாள் நடந்துச்சு. தேக்குப் பலகை, அதுக்கு மேல இரும்புத் தகடு, சரியா ஒம்பது மணங்குக் கதவு. கல்லு வழுக்கும்னு இரும்புப் பட்டையில கூடை அடிச்சு அதுக்குள்ள வச்சாரு. ஒரு மத்தியானம் அவன் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தப்ப நான் போய் நின்னேன்.

"அண்ணே, இதுல எங்கனயாச்சும் கொஞ்சம் சத்தம் வர்ற மாதிரி வச்சுருங்க. உங்க காலுல விழுறேன்."

என் புருவத்துத் தழும்பைப் பாத்தாரு. உளியைக் கீழ வச்சாரு. "எனக்கும் மூணு பிள்ளைக தாயி. மொதலாளி நித்தமும் காதை வச்சுக் கேட்டுட்டுப் போறாக"ன்னாரு. அவர் மேல எனக்குக் கோவம் இல்லை. இருந்த கோவமெல்லாம் அவன் மேலயே செலவாயிருச்சு, வேற ஆளுக்கு மிச்சம் இல்லை.

திறப்பு வெள்ளிக்கிழமை காலையில. பங்காளிக, பஸ் ஆளுக, பக்கத்துக் கடைக்காரவுக, ஒரு முப்பது பேரு. சேவல் அறுத்து ரத்தத்தைப் பலகையில தெளிச்சாக. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அவன் சில்க் சட்டை போட்டுக் காரில ஏறி, உருட்டிக்கிட்டு வந்தான். எலுமிச்சை நசுங்குச்சு, சக்கரம் பலகையில ஏறுச்சு, கொக்கி விட்டுச்சு. சத்தமே இல்லை. கதவும் ஏறலை!

பின்னுக்குப் போய் மறுபடி வந்தான். கதவு அசையவே இல்லை. மூணாம் தடவை வர்றப்ப அவன் சித்தப்பன் மகன் வீரபாண்டி, "அண்ணே, கதவு தூங்குது போல, சத்தம் போட்டு எழுப்புங்க"ன்னுட்டான். ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் எல்லாரும் சிரிச்சாக. ஆத்தாடி, நானும் சிரிச்சுட்டேன், முந்தானையை வாயில வச்சுக்கிட்டு.

பிச்சைமணி பக்கத்துல போய் மெள்ளத்தான் சொன்னாரு. "கல்லு எடை பத்தலை முதலாளி. ஏழு இருந்தாலே பெரிசு. கூட ரெண்டு மூணு மணங்கு கட்டிருவோம்." மெள்ளச் சொன்னது எல்லார் காதுலயும் விழுந்துருச்சு.

காரை ஸ்டார்ட் பண்ண முன்னால விட்டுச் சுத்துற இரும்புக் கம்பி இருக்கும்ல, அதை உருவிக்கிட்டு இறங்கினான். மொத வீச்சு வீரபாண்டிக்கு. அவன் முதுகுல வாங்கிக்கிட்டு ஓடினான். சனம் சிதறி ஓடுச்சு. எல்லாரையும் விரட்டி விட்டு வெளிக்கேட்டை உள்பக்கமாப் பூட்டினான். உள்ளுக்குள்ள மாட்டினது நான், ராஜாத்தி, பிச்சைமணி, மூணே பேரு.

"என் கல்லு ஏழா? சொல்லுலே, ஏழா?"

பிச்சைமணி சுவரோரம் கல்லுக் கூடை பக்கத்துல ஒடுங்கி நின்னாரு. வீச்சுக்குக் குனிஞ்சுட்டாரு. கம்பி கூடையில இடிச்சு ஒரு பட்டை நெளிஞ்சுச்சு. அதை யாரும் கவனிக்கலை. அடுத்த வீச்சுக்குக் கையைத் தூக்கித் தடுத்தாரு. மணிக்கட்டு முறிஞ்சது எனக்குக் கேட்டுச்சு. அந்த மனுஷன் அலறலை, "அம்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துட்டாரு. விழுந்தவரை மறுபடி நாலு அடி. குறுக்க விழுந்த எனக்கு விலாவுல ஒண்ணு. ராஜாத்தி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கிட்டா. "வேண்டாம் அய்யா, வேண்டாம் அய்யா"ன்னு அழுதா. உதறுன உதறுல காருக்கடியில போய் விழுந்தா.

அப்புறம் கம்பியை வீசிட்டுக் கதவுக்குப் போனான். "பாருங்கடா, ஏறுதா இல்லையான்னு!" அடியில விரலைக் கொடுத்துத் தூக்கினான். கல்லு பாதிக்கு மேல தாங்குதுல்ல, லேசா ஏறுச்சு. இடுப்புக்கு வந்துச்சு. குனிஞ்சு உள்ள நுழைஞ்சு பிடரியில ஏத்திக்கிட்டான். "பாத்தியாடி?"ன்னு என்னைப் பாத்துச் சிரிச்சான்.

அந்நேரம் நெளிஞ்ச பட்டை அத்துப்போச்சு. கூடை வாயைத் திறந்து கல்லு தரையில விழுந்துச்சு. ஒம்பது மணங்கும் மொத்தமா அவன் பிடரியில இறங்குச்சு.

முட்டி மடங்கிட்டான். ரெண்டு கையையும் தரையில ஊணி, கழுத்து நரம்பெல்லாம் புடைக்கத் தாங்கினான். பலசாலிதான், இல்லைங்கல. "அடியே... முட்டுக்கட்டை... வைடி"ன்னான். என் கால்மாட்டுல கிடந்துச்சு, வேலைக்குக் கொண்டுவந்த புளியங்கட்டை, ஒரு முழ உசரம். நட்டு நிறுத்தினா கதவு அதுல நின்னுக்கிரும். அதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. பிச்சைமணி என்னைப் பாத்தாரு. ஒடிஞ்ச கையை மடியில வச்சுக்கிட்டு, வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு.

நான் குனியலை. விலா வலியில குனிய முடியலைன்னு பின்னால போலீசுக்குச் சொன்னேன். உங்ககிட்ட எதுக்குப் பொய்? குனிஞ்சிருக்கலாம். அந்தக் கதவைச் சரிபண்ணி, இரும்புக் கட்டி கட்டி, திங்கக்கிழமையே சத்தமில்லாம வந்து நின்னிருவான். என் பிள்ளைக்கு மிச்சம் இருக்கிறது ஒரு காது. அது ஒண்ணுதான் என் நெஞ்சுல ஓடுச்சு.

ஆனா ராஜாத்தி காருக்கடியில இருந்து எந்திரிச்சு வந்தா. நெத்தியில ரத்தத்தோட வந்து அந்தக் கட்டையைத் தூக்குறா! அவளால தூக்க முடியும், பாதி தூக்கிட்டா. நான் அவ கையைப் பிடிச்சேன்.

"விடும்மா! என் அய்யாம்மா! விடு!"

விடலை. இடுப்போட சேத்துக் கட்டிக்கிட்டேன். உதைச்சா. என் கையைக் கடிச்சா, பல்லு எலும்புல படுற அளவுக்குக் கடிச்சா. அவன் அவளைத்தான் பாத்தான், "தாயி"ன்னான். அவ்வளவுதான், முழங்கை மடங்கிருச்சு. கதவு இறங்குச்சு. பிள்ளை கண்ணை மறைக்கணும்னு எனக்குத் தோணுச்சு, ஆனா ரெண்டு கையும் அவளைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

போலீசு வந்தாக, கூடையைப் பாத்தாக, எழுதிக்கிட்டாக. கல்லு விழுந்து கதவு இறங்குச்சுன்னு பிச்சைமணி சொன்னாரு. அதுல ஒரு வார்த்தை பொய்யில்லை. பஸ்ஸு ரெண்டையும் வித்து அவர் கைக்கு வைத்தியம் பாத்தேன், பிள்ளையைப் படிக்க வச்சேன்.

ராஜாத்தி யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை. என்கிட்டயும் சொல்லலை. ஏழு வருஷம் எனக்குப் பதில் பேசாமயே வளந்தா. பதினேழுல நல்ல இடத்துல கட்டிக் குடுத்தேன், மாப்பிள்ளை கை நீட்டாத பையன், அதை நான் மூணு ஊர்ல விசாரிச்சுட்டுத்தான் சம்மதிச்சேன். வண்டி ஏறுறப்ப அக்கம்மா காலுல விழுந்தா. என்னைத் தாண்டிப் போய் உக்காந்துக்கிட்டா. அவ நல்லா இருக்கா, எனக்கு அது போதும்னு வர்றவுக போறவுககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். போதலை.