மூன்றாவது வரி

பஸ் டிரைவரின் மனைவி இறந்து ஒரு வருடம் கழித்து வீடு திரும்பியபோது அவளுக்கு முதுகு இல்லை. முன்பக்கம் குறையில்லாமல் இருந்தது. முகம், ஈரத்தலை, பச்சைப் புடவை, புன்னகை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் ஆள் மெலிந்து மெலிந்து ஒரு தாளின் ஓரம் போலத் தெரிவாள். ஜன்னலோரம் அறையைப் பார்த்து நின்றதால் தெருவில் போகிறவர்களுக்குத் திரைச்சீலை மட்டுமே தெரிந்தது. டிரைவர் காலை ஷிப்ட் முடித்து வந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பியபோது அவளைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். கட்டிலில் உட்கார்ந்து சாயங்காலம் வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குக் காரணம் 'வரிக்கு வரி' என்ற குழு. கவிதை எழுதுகிறவர்கள் என்று தங்களை வெளியில் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படும் பலர் போனில் கூடும் இடம் அது. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஒருவர் கவிதை போட்டால் மற்றவர்கள் முதலில் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், அப்புறம்தான் குறை சொல்லலாம் என்பது அங்கே வழக்கம். நல்ல வார்த்தையைப் பெரும்பாலும் சொல்பவர் ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த பெண்மணி. எது வந்தாலும் பூங்கொத்துப் படம் அனுப்புவதால் பூங்கொத்து என்றே அவருக்குப் பெயர் ஆகிவிட்டது. குறை சொல்பவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். சொற்களை வெட்டச் சொல்வதால் அவர் கத்தரி. இருவரும் இல்லாத நாளில் குழுவில் ஈ காக்கை இருக்காது.

அந்தக் குழுவில் எழுதியது வீட்டுக்கு வருவது புதிதும் இல்லை. மோட்டார் பழுது பார்க்கும் ஒருவர் கடலைப் பற்றி எழுதி, அவருடைய குளியலறையில் முழங்கால் அளவுக்கு உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. 'கடல் என்பது மிகை, குளம் போதும்' என்று கத்தரி சொல்லி, அவர் திருத்திய பிறகு கணுக்கால் அளவுக்கு இறங்கி, உப்பும் போயிற்று. ஒரு பல் மருத்துவர் எழுதிய குதிரை மாடிப்படியில் ஏறத் தெரியாமல் கீழ்வீட்டுக்காரர்களோடு தங்கிவிட்டது. இதையெல்லாம் குழுவில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கவிதை நன்றாக இருக்கிறதா என்பதே அங்கே பேச்சு.

டிரைவர் போட்ட கவிதை இதுதான்:

ஜன்னலோரம் நிற்கிறாய்
ஈரத்தலை உலர்த்தியபடி.
எதையும் கேட்டதில்லை நீ.
புன்னகை மட்டும் தந்தாய்.

அவர் எழுதிய முதல் கவிதை. பூங்கொத்து மூன்று பூங்கொத்து அனுப்பி, கண் கலங்கிவிட்டது ஐயா, நிறுத்தாமல் எழுதுங்கள் என்றார். கத்தரிகூட எடுத்த எடுப்பில் வெட்டச் சொல்லவில்லை. மனைவி போன நாளிலிருந்து டிரைவரிடம் யாரும் இத்தனை வார்த்தை பேசியதில்லை. மறுநாள் அவள் வந்து நின்றாள்.

நின்றாள் என்றால் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார்வது கவிதையில் இல்லை. தலை உலர்ந்துவிட்டதாகவும் எழுதியிருக்கவில்லை என்பதால் கூந்தல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. டிரைவர் கீழே ஒரு வாளி வைத்தார். வேலைக்குப் போகும்போது காலி செய்வார், வந்ததும் காலி செய்வார். அவள் பேசவில்லை, கண் இமைக்கவில்லை. சோப்பு வாசனை, எண்ணெய் வாசனை எதுவும் அவளிடம் வரவில்லை. புன்னகை மட்டும் இருட்டிலும் வெயிலிலும் ஒரே அளவில் இருந்தது. டிரைவருக்கு அது போதுமானதாக இருந்தது. பஸ்ஸில் நடந்ததை எல்லாம் அவளிடம் சொல்வார். உயிரோடு இருந்த காலத்தில் அவர் அவளிடம் இவ்வளவு பேசியதில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

மகள் வெளியூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். விடுமுறைக்கு வந்தவள் வாசலிலேயே பையை நழுவவிட்டாள். அம்மாவின் அருகில் போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தாள். புடவையின் மடிப்புக்குள் கை என்று எதுவும் இல்லை. "கால் வலிக்கலையாம்மா?" என்று கேட்டாள். அம்மா புன்னகைத்தாள். முன்பே புன்னகைத்துக்கொண்டிருந்ததால் அதைப் பதில் என்று சொல்ல முடியாது. சுற்றிப் போய்ப் பின்பக்கம் பார்த்துவிட்டு மகள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

"இது அம்மா இல்லப்பா," என்றாள் பிறகு. "நீங்க எழுதின அம்மா."

"எனக்குத் தெரிஞ்சவ இவதான்," என்றார் டிரைவர்.

மகள் ஊருக்குத் திரும்பியதும் குழுவில் சேர்ந்தாள். பெயரை ஊசி என்று வைத்துக்கொண்டாள். முதலில் வழக்கப்படி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, 'இந்தப் பெண் எத்தனை நேரம்தான் நிற்பார், ஒரு நாற்காலி போட்டால் என்ன' என்று எழுதினாள். டிரைவருக்கு முகம் தெரியாத ஒரு ஆள் தன் வீட்டுக்குள் வந்து நாற்காலியை நகர்த்துவது போல இருந்தது. ஆனால் பூங்கொத்து நல்ல யோசனை என்றார். கத்தரி, 'உலர்த்தியபடி' என்பதை 'உலர்த்திய பின்' என்று மாற்றினால் காலம் நகரும் என்றார். டிரைவர் மனமில்லாமல் நாற்காலியைச் சேர்த்து, அதையும் திருத்தினார். அன்று சாயங்காலம் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்காரும்போது அவளிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. வாளிக்கு வேலை போயிற்று. அந்த மூச்சைக் கேட்ட பிறகுதான் இத்தனை நாள் அவளுக்கு வலித்திருக்குமோ என்ற எண்ணம் டிரைவருக்கு வந்தது. வண்டி ஓட்டும்போதும் அது விடவில்லை.

அதன் பிறகு ஊசி விடவில்லை. சிரிக்கும்போது இவர் வாயைப் பொத்திக்கொள்வாரா என்று கேட்டாள். பொத்திக்கொள்வாள். முன்பல் உடைந்ததில் இருந்து அப்படித்தான். டிரைவர் அதை எழுதியதும் புடவைக்குள்ளிருந்து கை வந்து வாயைப் பொத்தியது. புன்னகை முதல் முறையாக மறைந்தது, பிறகு வந்தது. தூக்கத்தில் இவர் என்ன பேசுவார் என்று கேட்டாள். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்று கேட்டாள். அதை எழுதியதில் முதுகும் வந்துவிட்டது. ஒரு நாள், கழுத்துக்குப் பின்னால் சுடுதண்ணீர் பட்ட தழும்பை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டாள். அந்தத் தழும்பை வீட்டில் இருந்தவர்கள் தவிர யாரும் பார்த்ததில்லை. டிரைவர் மகளுக்குப் போன் போட்டார்.

"ஊசி நீதானா?"

"ஆமா."

"என்னத்துக்கு இப்படி அவளப் போட்டுத் தோண்டற? நிம்மதியா உட்கார்ந்திருக்கா."

"நிம்மதியா இருக்கறது நீங்க. அம்மா ஒரு தடவகூடக் கோபப்படலையே, அது உங்களுக்கு வித்தியாசமாத் தெரியலையா?"

டிரைவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "அவ கோபமா வந்தா நான் என்னம்மா பண்றது?" என்றார்.

"வந்தா, அம்மாதான் வந்திருக்கான்னு அர்த்தம்."

மகள் அடுத்த வண்டியிலேயே வந்தாள். மூவரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். மகளின் போன் மகள் கையில், டிரைவரின் போன் டிரைவர் கையில், அம்மா நடுவில் நாற்காலியில், மடியில் கை வைத்தபடி. அப்போது குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்திருப்பதாக இரண்டு போனும் ஒன்றாகச் சிணுங்கின. எண் மனைவியுடையது. அந்த எண்ணை ரத்து செய்து, போனையும் பழைய சாமான் கடையில் போட்டாகிவிட்டது. புதியவர் வணக்கம் சொல்லவில்லை, நாலு நல்ல வார்த்தையும் சொல்லவில்லை. 'மூணாவது வரி பொய். கேட்டேன்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மடியில் வைத்த கை வைத்தபடியே இருந்தது. புன்னகை இல்லை. கண்கள் டிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தன, அவர் எங்கே நகர்ந்தாலும் கூடவே நகர்ந்தன. டிரைவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். குழுவில் அதற்குள் பூங்கொத்து புதியவருக்கு நல்வரவு சொல்லிப் பூ அனுப்பியிருந்தார். கத்தரி, முதல் கருத்திலேயே இத்தனை கூர்மையை எதிர்பார்க்கவில்லை என்று பாராட்டியிருந்தார்.

"அம்மா என்ன கேட்டா?" என்றாள் மகள்.

டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பஸ்ல கூட்டிட்டுப் போகச் சொன்னா," என்றார். "நான் ஓட்டற பஸ்ல. கடைசி ஸ்டாப் வரைக்கும். கல்யாணமான புதுசுல கேட்டா, நீ பொறந்தப்புறம் கேட்டா, படுக்கையில விழுந்தப்புறமும் கேட்டா. அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் பொட்டல்னு சொல்லிட்டே இருந்துட்டேன். கூட வேல பாக்கறவங்க கேலி பண்ணுவாங்களேன்னு வேற."

"எழுதுங்கப்பா."

அவர் எழுதினார். எதையும் கேட்டதில்லை நீ என்பதை எடுத்துவிட்டு, பலமுறை கேட்டாய் என்று போட்டார். அதைப் பதிவிட்ட கணத்தில் மனைவி வாயைத் திறந்து அவரைத் திட்டத் தொடங்கினாள். பஸ்ஸில் ஆரம்பித்து, மறந்துபோன ஆஸ்பத்திரி நாள்கள், தங்கை கல்யாணத்துக்குத் தாமதமாக வந்தது, சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போவது என்று வரிசையாக வந்தது. கவிதையில் இவற்றில் ஒன்றும் எழுதப்படவில்லை. அறைக்குள் சோப்பும் எண்ணெயும் கலந்து மணந்தது. மகள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். டிரைவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் அவள் களைத்துப் போய், "தண்ணி குடுங்க," என்றாள். அவர் ஓடிப் போய்க் கொண்டுவந்தார். அவள் குடித்தாள், டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் அவளை பஸ்ஸில் ஏற்றினார். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கை. கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்து, பார்த்துவிட்டு, டிக்கெட் கிழிக்காமலே அடுத்த இருக்கைக்குப் போனார். அவள் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் குளிர்கிறது என்று சொல்லி இடம் மாறிக்கொண்டாள். கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகு இவர்கள் இருவரும் இறங்கினார்கள். ஒரு மதில், ஒரு குழாய், நேரக் கண்காணிப்பாளரின் கூண்டு, அதற்கப்பால் வெறும் வெளி, காற்று. அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"சொன்னேன்ல, ஒண்ணுமே இல்லன்னு," என்றார் டிரைவர்.

"ஒண்ணும் இல்லதான்," என்றாள் அவள். "நீங்க தெனம் வந்து நின்ன எடம். எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். திரும்பும் வழியில் யாரோ கேலி செய்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மனைவி குழுவில் தானே எழுத ஆரம்பித்தாள். போனில்லாமல் எப்படி எழுதுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. பூங்கொத்தைப் போல மனம் கோணாமல் ஊக்குவிக்கவும் கத்தரியைப் போல வெட்டவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மோட்டார்காரரின் குளத்தில் மீன் விடச் சொன்னது அவள்தான். குளியலறையில் இப்போதும் அவை நீந்துகின்றன. பிறகு ஒரு நாள் கணவரைப் பற்றி எழுதிப் போட்டாள்:

வீட்டுக்குள் வந்ததும் ஷூவைக் கழற்றுவார்.
பிறகு அன்றைய முகத்தை.

மகள் அதைப் படித்துவிட்டுப் பதறி, ரத்து செய்த அந்தப் பழைய எண்ணுக்கே போன் செய்தாள். "அம்மா, ரெண்டாவது வரி வேண்டாமே."

"நல்லாத்தானே இருக்கு," என்றாள் அம்மா. "கத்தரியே கை வைக்கல."

அன்று டிரைவர் வேலை முடிந்து வந்தார். ஷூவைக் கழற்றி வைத்தார். பிறகு காதுகளுக்குப் பின்னால் விரலைக் கொடுத்து முகத்தைக் கழற்றிச் சாவிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். உள்ளே இன்னொரு முகம் இருந்தது. மகள் பிறப்பதற்கு முன்பு மனைவி மட்டும் பார்த்த முகம். பயந்த சுபாவமும், மென்மையான கண்களும், சீக்கிரம் சிரித்துவிடும் வாயுமாக இருந்தது. பாரம் குறைந்தது போல இருக்கிறது என்று அவரே சொன்னார். மகள் விடுமுறைக்கு வந்தபோது ஆணியில் தொங்கிய முகத்துக்கு நேராக உட்கார முடியாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். இரண்டு மூன்று முறை வந்து போன பிறகு அதுவும் பழகிவிட்டது. காலையில் அதை மாட்டிக்கொண்டுதான் அவர் வேலைக்குப் போவார்.

அவர் ஓய்வு பெற்றார். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சு வலித்து இறந்துபோனார். குழுவில் எல்லோரும் இரங்கல் எழுதினார்கள். பூங்கொத்து முதல் முறையாகப் பூ அனுப்பாமல் இருந்தார். காரியங்கள் முடிந்து உறவுகள் கிளம்பிப் போனார்கள். மறுநாள் சாயங்காலம் மகள் வீட்டை மூடலாமா, வாடகைக்கு விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு ஷூ விழும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. நாற்காலியில் இருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. வரிகள் அப்படியே இருக்க, அவர் வராமல் எங்கே போவார் என்பது போல உட்கார்ந்திருந்தாள்.

மகள் வேலையை மாற்றிக்கொண்டு அந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். நீங்களும் உங்கள் பெற்றோரைப் பற்றி எழுதலாமே என்று குழுவில் பலரும் அவளைக் கேட்டார்கள். அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் எழுதினபடியே இருக்கட்டும், நான் வேற எதையாவது எழுதறேன் என்று சொல்லிவிட்டாள். மரங்களைப் பற்றியும், ரத்தம் எடுக்கும்போது மனிதர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பதைப் பற்றியும் எழுதினாள். அம்மா அவற்றைக் கண்டிப்போடு திருத்தினாள். அப்பா எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பொழுது சாய்ந்ததும் மூவரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் மூன்று தட்டு வைத்தாள், மூன்றிலும் பரிமாறினாள். எழுந்த பிறகு இரண்டு தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது, கழுவுவதற்கு ஒரு தட்டு இருந்தது.